எல்லாளன் தேரும் லயத்துச் சுவரும்

மகாவம்சத்தின் 21ஆம் அத்தியாயம் எல்லாளனைப் பற்றியது. சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆட்சி புரிந்த அம்மன்னனின் நீதிக்குச் சான்றாக அந்நூல் சில கதைகளைக் கூறுகின்றது. கன்றின்மீது தேரோட்டிய மைந்தனை அதே தேர்க்காலால் தண்டித்த கதை அவற்றுள் ஒன்று. திருவாரூர் மனுநீதிச் சோழன் பெயரில் அதனை நாம் பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொண்டோம். ஆயின் அதே அத்தியாயத்தில் மற்றுமொரு தேர் விபத்தும் உண்டு. நம்மவர் அதனை அதிகம் எடுத்துரைப்பதில்லை. பிக்குகளை அழைத்துவரும்பொருட்டு மன்னன் இன்று மிகிந்தலை எனப்படும் சேதியகிரிக்குத் தேரேறிச் செல்கின்றான். தேரின் நுகமுனை அங்கிருந்த தூபியொன்றில் இடித்துவிடுகின்றது. அமைச்சர் அதனைச் சுட்டிக்காட்டியதும் அவன் தேரிலிருந்து குதித்து, வழியிலே விழுந்து, தன் தலையையும் சக்கரத்தால் துணிக்குமாறு வேண்டுகின்றான். பிறர்க்கு ஊறு செய்வதைப் புத்தர் ஒப்பமாட்டார், தூபியைத் திருத்திப் பிழை பொறுக்கும்படி வேண்டுக என்கின்றனர் அமைச்சர். பெயர்ந்த கற்கள் 15. அவற்றை மீள நிறுத்த அவன் செலவிட்டது 15,000 கஹாபணம்.

ஒருவருடைய வாகனம் பிறருடைய கட்டடத்துக்கு விளைத்த சேதம், அதற்குச் செலுத்தப்பட்ட ஈடு ஆகியன பற்றி இந்நாட்டு நூல்களில் உள்ள பழைய பதிவுகளுள் இதுவும் ஒன்று. வேண்டுமென்று செய்யப்படாத சேதம் அது. நூலாசிரியரே அதனை வெளிப்படையாகச் சொல்கின்றார். எனினும் செய்தவன் கடன்பட்டவனாகின்றான். கன்றின் உயிர் மீளாது. கல்லை மீண்டும் வைக்கலாம். மீளக்கூடிய இழப்புக்குத் தண்டனை வேண்டாம், மீட்பே போதும் என்ற தெளிவு அவ்வமைச்சரிடம் இருந்தது.

இனி, அந்தத் தூபி இருந்த இடத்தில் ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். பெல்மதுளையிலிருந்து காவத்தை, கொடகவெல வழியாக எம்பிலிப்பிட்டியவுக்கும் அப்பால் நோனாகமவுக்கும் செல்லும் ஏ-18 வீதி, சப்பிரகமுவா மலைத் தோட்டங்களை வளவை கங்கையின் சமவெளியோடு இணைப்பது. மலைப்பக்கத்தில் லயங்கள், கீழே உடவளவைத் திட்டத்தின் பின் குடியேறியோரின் வீடுகள். இவ்வீதியில் இரவிலே ஒரு லொறி கட்டுப்பாடிழந்து வீதியோரச் சுவரொன்றை இடித்துக்கொண்டு உட்புகுகின்றது என்று கொள்வோம். உயிர்ச்சேதம் இல்லை. இஸ்தோப்பும் முன்சுவரும் சரிந்தன, கூரைத் தகரம் வளைந்தது, அடுப்படிச் சாமான்கள் நொறுங்கின. வீட்டிலிருந்தோருக்குச் சேரவேண்டியது என்ன?

இஸ்தோப்பு என்ற சொல்லை ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்றனர். அது இடிந்தால் நட்டஈடு கோருவதற்கான சட்டத்தையும் அவர்களே விட்டுச்சென்றனர் என்பது சுவையான பொருத்தம். நமது பொதுச் சட்டமான உரோம ஒல்லாந்தச் சட்டத்தின்படி இவ்வழக்கின் வேர் கி.மு. 287 அளவில் இயற்றப்பட்டதாகக் கருதப்படும் அக்குவிலியச் சட்டத்தில் உள்ளது. பொருளிழப்பு நேர்ந்தது, அது பிறருடைய கவனயீனத்தால் நேர்ந்தது என்ற இரண்டையும் கேட்பவரே நிலைநாட்ட வேண்டும். சுவர் அசைவதில்லை, ஆகவே தவறு லொறியினுடையதே என்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் தடுப்பு செயலிழந்தது என்பர். குறுக்கே மாடு வந்தது என்பர். வீடே வீதி ஒதுக்கத்துக்குள் இருக்கின்றது என்பர். மூன்றாவது வாதம் மிகக் கொடியது. வீதியோரத்திலே வாழ நேர்ந்தமையை அது வாழ்வோரின் குற்றமாக்கிவிடுகின்றது.

தவறு மெய்ப்பிக்கப்பட்டது என்றே கொள்வோம். அப்பொழுதுதான் அறவியலின் மெய்யான சிக்கல் தொடங்குகின்றது. அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் 5ஆம் நூலில், இழப்பைச் சரிசெய்யும் நீதி ஆளைப் பார்ப்பதில்லை என்கின்றார். நல்லவன் தீயவனுக்குச் செய்தாலும் தீயவன் நல்லவனுக்குச் செய்தாலும் சட்டம் இருவரையும் சமமாகக் கொண்டு சேதத்தின் அளவை மட்டுமே நோக்கும். கேட்பதற்கு இது நடுவுநிலைமையாகவே ஒலிக்கின்றது. ஆனால் சேதத்தின் அளவை எதனைக் கொண்டு அளப்பது? சந்தைப் பெறுமதியைக் கொண்டு என்பது வழக்கமான விடை. மதிப்பீட்டாளர் வருகின்றார். சுவர் பழையது, தகரம் துருவேறியது, தேய்மானத்தைக் கழிக்க வேண்டும் என்கின்றார். நூறாண்டுப் பழைமையுடைய லயத்துக் காம்பிராவில் தேய்மானத்தைக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு? அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் அக்கணக்கு தரும் தொகையில் ஒரு சுவரும் எழாது. பழைய தகரத்தைப் பழைய விலைக்கு விற்பாரும் இல்லை. இழந்தவன் புதியதையே வாங்க வேண்டியிருக்கின்றது. இடைவெளியைத் தன் கூலியிலிருந்து நிரப்புகின்றான். இதன் பொருள், லொறி செய்த சேதத்தில் ஒரு பங்கை இடிபட்டவனே ஏற்கின்றான் என்பதுதான். வறியவனாக இருந்தமையால் அவனுக்கு நேர்ந்த இழப்பும் சிறியதாகிவிடுகின்றது. ஆளைப் பார்க்காத நீதி பின்வாசல் வழியாக ஆளைப் பார்த்துவிட்டது.

பண்டை உரோமர் இவ்விடத்தில் நம்மிலும் சற்றுத் தாராளமாகவே இருந்தனர். அக்குவிலியச் சட்டத்தின் முதற்பிரிவு, பிறனுடைய அடிமையையோ மந்தை விலங்கையோ கொன்றவன் அவ்வாண்டில் அதற்கிருந்த உச்ச விலையைக் கொடுக்குமாறு விதித்தது. அடிமையை மந்தையோடு சேர்த்தெண்ணிய அச்சட்டத்தை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் ஐயம் எழும் இடத்தில் அளவுகோலை இழந்தவன் பக்கம் சாய்க்க வேண்டும் என்ற எண்ணம் அதனுள் இருந்தது. எல்லாளன் கல்லொன்றுக்கு ஆயிரம் கஹாபணம் வீதம் செலவிட்டமையையும் இவ்வாறே நான் விளங்கிக்கொள்கின்றேன். கல்லின் விலையை அவன் கேட்கவில்லை. தூபி முன்போல் நிற்க எவ்வளவு வேண்டும் என்பதே அவனது கணக்கு. வீட்டு விடயத்திலும் அதுவே சரியான கேள்வியாகும்.

அடுத்து, யாருக்குச் சேரும் என்பது. வளவைச் சமவெளியின் குடியேற்றவாசியிடம், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த அனுமதிப்பத்திரமாவது இருக்கலாம். லயத்தில் வாழ்வோரிடம் அதுவும் இல்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் சென்றன. 1992 முதல் கம்பனிகளின் முகாமைக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாகக் காம்பிராவில் வாழ்ந்தோர் இவற்றுள் எந்த மாற்றத்திலும் ஒரு தரப்பாக இருக்கவில்லை. ஆகவே சுவருக்கான ஈடு உரிமையாளரைச் சேரும்; உடைந்த பானைக்கும் அலுமாரிக்கும் உரிய ஈடே குடியிருப்போருக்கு எஞ்சும். ஆனால் சுவர் இடிந்த இரவில் மழையில் நின்றவர் யார்? பிள்ளைகளை அயல் வீட்டில் படுக்க வைத்தவர் யார்? பொருளிழப்பை மட்டும் கணக்கெடுக்கும் இவ்வழக்குமுறையில் அந்த அச்சத்துக்கும் அலைச்சலுக்கும் இடமில்லை. கட்டடத்துக்கு உறுதி உண்டு, குடியிருப்புக்கு உறுதி இல்லை. 2015இன் பின் முன்னெடுக்கப்பட்ட 7 பேர்ச் காணித் திட்டத்தைப் பலர் அரசியல் சலுகையாகவே நோக்குகின்றனர். தன் பெயரில் ஒரு சுவர் இருந்தாலன்றி, அச்சுவர் இடிந்தது என்று தன் பெயரில் முறையிடவும் இயலாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பது நன்று.

கேட்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. திருக்குறளில் இரவு, இரவச்சம் என்பன அடுத்தடுத்த அதிகாரங்கள். இரத்தலின் இழிவு நம் பண்பாட்டில் ஆழப் பதிந்த உணர்வு. உரிமையைக் கேட்பது இரத்தலாகாது; எனினும் லொறி முதலாளியின் முன் நிற்கும் தொழிலாளி “ஐயா பார்த்து ஏதாவது செய்யுங்க” என்கின்றார். கங்காணி காலத்திலிருந்து பழகிப்போன மொழி அது. முதலாளியும் கடன் தீர்ப்பவராக அல்லாமல் தருமம் செய்பவராகவே சட்டைப்பையில் கையை விடுகின்றார். கொடுத்த தொகை போதுமா என்று அதன்பின் கேட்க வழியில்லை. தருமத்துக்குக் கணக்கு ஏது? வீதியோரத்தில் இவ்வாறு முடித்துக்கொள்வதை நான் முற்றாகக் கண்டிக்க மாட்டேன். மாவட்ட நீதிமன்றத்தில் தவணை தவணையாக நின்று நாட்சம்பளத்தை இழப்பதைவிட அது மேலாக இருக்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் திறந்துள்ளன. அங்கே இரு தரப்பாரும் ஒரே மேசையின் முன் அமர்கின்றனர். அந்த அமர்தலே ஒரு பெரிய மாற்றம் என்பேன்.

உடலுக்கு நேரும் தீங்கையும் சுவருக்கு நேரும் தீங்கையும் உலகம் ஒன்றாக எண்ணியதில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். இங்கிலாந்தின் 1930ஆம் ஆண்டுச் சட்டம் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமே காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. பிறர் உடைமைக்கும் அது கட்டாயமானது 1988இன் இறுதியிலேதான். இந்தியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் உடைமைச் சேதத்துக்குக் கட்டாயக் காப்புறுதியின் எல்லையாக 6,000 ரூபாவையே முதலில் வகுத்தது. உயிர் முதன்மை பெறுவது முறையே. ஆனால் ஒரே சுவரைத் தன் வாழ்நாட் சேமிப்பாகக் கொண்டவனுக்கு அச்சுவர் வெறும் உடைமையா?

இறுதியாகச் சாரதியைப் பற்றி. பேர்னாட் வில்லியம்ஸ் என்ற ஆங்கில மெய்யியலாளர் 1976இல் எழுதிய கட்டுரையொன்றில், தன் தவறின்றியே குழந்தையொன்றின்மேல் லொறியை ஏற்றிவிட்ட சாரதியை எடுத்துக்காட்டினார். பார்த்து நின்றோர் அனைவரும் வருந்துவர். ஆனால் சாரதியின் வருத்தம் வேறு வகையானது, அவ்வாறு இருத்தலே தகும் என்பது அவர் கருத்து. நம் உதாரணத்தின் சாரதியும் கூலிக்காரனே. அவன்மீது கொண்ட இரக்கத்தால் முறைப்பாட்டை மீளப் பெறுவோர் உளர். ஆனால் சேவகனின் தவறுக்கு எசமானும் பொறுப்பாளி. இரக்கம் சாரதிக்குரியதாயினும் அதன் இலாபம் லொறி முதலாளிக்கே போகின்றது. சாரதியை மன்னித்துவிட்டு முதலாளியிடம் ஈடு கேட்பதில் எவ்வித முரண்பாடும் இல்லை.

சாரதிக்கோ முதலாளிக்கோ மனம் வந்து, மறுநாள் அவ்வீட்டு வாசலில் நின்று “பிழை எங்களுடையது” என்று சொல்ல விரும்பினால் என்ன ஆகும்? தன் இசைவின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளலாகாது, ஈடு தருவதாக வாக்களிக்கலாகாது என்ற நிபந்தனையை வாகனக் காப்புறுதி ஒப்பந்தங்களில் நிறுவனங்கள் பொதுவாகவே சேர்த்துள்ளன. வணிக நோக்கில் அதற்குக் காரணம் உண்டு. எல்லாளனின் தேர் இன்று காப்புறுதி செய்யப்பட்டிருந்தால், வழியிலே விழுந்து அவன் செய்த அந்த ஒப்புதல் அந்நிபந்தனையை மீறியதாகவே கொள்ளப்பட்டிருக்கும்.