ஆகாய மார்க்கமும் அவிநாசி முதலையும்

கோவைப் பீளமேட்டு விமான நிலையத்திலிருந்து சார்ஜாவுக்குப் புறப்படுகிறவர், பயணச்சீட்டில் அச்சிட்ட இரு நேரங்களைக் கழித்துப் பார்த்தால், போவதற்கு ஏறக்குறைய இரண்டரை மணியும் திரும்புவதற்கு ஐந்தரை மணியும் ஆவதாகக் கணக்கு வரும். பூமியின் வளைவை ஒட்டி அளந்த சுமார் 2,770 கிலோமீட்டர் தூரமோ இரு வழிக்கும் ஒன்றே, பிரயாணமும் இரு வழியிலும் நான்கு மணியை ஒட்டியதே. அவ்வூர்க் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி பிந்தியது என்பதை, பனியன் வியாபாரமாக அடிக்கடி போய்வரும் திருப்பூர்க்காரர், "போறப்ப ஒன்னரை மணி நேரம் லாபமுங்க, வாறப்ப அது போயிருமுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அந்த லாபம் யாருடைய ஆயுளில் வரவு வைக்கப்படுகிறது என்பதே விசாரணைக்குரியது.

காலத்தையும் திக்கையும் தனித்தனித் திரவியங்களாகக் கொண்ட வைசேஷிகர், பரத்துவம், அபரத்துவம் என்னும் குணங்களை இரண்டையும் சார்த்தி உரைத்தனர்: திக்கைச் சார்ந்தால் அவை சேய்மையும் அண்மையும், காலத்தைச் சார்ந்தால் மூப்பும் இளமையும். விமானம் முதல் ஜோடியைத்தான் மாற்றியது. ரயிலில் 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சென்னை, ஆகாயத்தில் சுமார் 400; பறப்பது ஒரு மணிக்கும் குறைவு. எனினும் அட்டவணை அதைவிடக் கூட்டியே சொல்லும்; இங்கே சக்கரத்தின் கட்டையை எடுத்தது முதல் அங்கே மீண்டும் கட்டை வைக்கும் வரை எண்ணுவது விமானக் கம்பெனிகளின் சம்பிரதாயம். பெல்ட்டைக் கழற்றி வரிசையில் நின்ற பொழுது அதில் சேராது. நம் தேகமோ அதையும் விடாமல் எண்ணுகிறது.

சைவ சித்தாந்தம் 36 தத்துவங்களுள் காலத்தை வித்தியா தத்துவங்களில் ஒன்றாக வைத்து, உயிரின் போகத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என வரையறுப்பது அதுவே என்கிறது. அப்படியாயின், ஜன்னலை மூடித் தூங்கி, ஏறியதும் இறங்கியதுமன்றி ஒன்றும் அறியாதவனுக்கு, எந்தப் போகத்தை அளந்து அந்த நான்கு மணி கழிந்தது?

விமான நிலையத்தை ஒட்டிய சாலையில் கிழக்கே போனால் வரும் அவிநாசியில், அதாவது பழைய திருப்புக்கொளியூரில், இக்கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது. முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்டபோது, விழுங்கிய நாளிலிருந்த உருவில் அவன் வரவில்லை; இடையே கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்கிறார் சேக்கிழார். மாண்டவன் மீண்டதைக் காட்டிலும் இதுவே எனக்குப் பெரும் வியப்பு. மரணத்தை ரத்துச் செய்த அருள், அவன் ஒரு கணமும் அனுபவியாத ஆண்டுகளை ரத்துச் செய்யாமல் அவன் கணக்கிலேயே சேர்த்துத் தந்தது. ஆகையால்தான், அவன் வயதொத்த எதிர்வீட்டுத் தோழனுக்குப் பூணூல் அணிந்த வயதை அவனும் எட்டியிருக்க, சுந்தரர் அவனுக்கும் முந்நூற் கலியாணத்தை முடித்துவைத்த பின்னரே மலைநாட்டுக்கு வழிக்கொண்டார்.