சண்டையில்லாமல் விலகியவர்கள்

சண்டை போட்டுப் பிரிந்த நண்பரைப் பற்றி நம்மிடம் ஒரு வழக்குக் கட்டு இருக்கும்: யார் என்ன சொன்னார், தப்பு யார்மேல் என்று. சத்தமில்லாமல் விலகியவரைப் பற்றி எதுவும் இருக்காது. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் கேக் ஸ்டிக்கர், அதற்கு ஒரு கைகூப்பல், அவ்வளவுதான். காரணம் தெரியாதபோது மனசு குற்றவாளியைத் தேடும். ‘அவன் மாறிட்டான்’ என்றோ ‘நான்தான் விட்டுட்டேன்’ என்றோ முடிவு கட்டும். பெரும்பாலும் இரண்டுமே தவறு. குறைந்தது பிரியம் என்று நினைக்கிறோம். உண்மையில் குறைந்தது சேர்ந்திருக்கும் நேரம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனக் குடியிருப்பை ஆராய்ந்து லியோன் ஃபெஸ்டிங்கர் குழு 1950-இல் வெளியிட்ட நூல், யார் யாரோடு சினேகமானார்கள் என்பதை வாசல்களின் நெருக்கமும் படிக்கட்டின் இடமும் பெருமளவு தீர்மானித்ததைக் காட்டியது. நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் மதிப்பிட்டார். மெஸ் வரிசை, ஒரே பஸ், பரீட்சைக்கு முந்தின இரவின் டீக்கடை என்று விடுதியில் அந்த நேரம் யாரும் திட்டமிடாமலே சேர்ந்துவிடும். வேலையும் கல்யாணமும் குழந்தையும் வந்தபின் அதே இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சந்திக்கவே தேதி மாற்றி மாற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

உண்மையான நட்புக்குத் தூரம் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பாராமலே நட்பாகி, கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது தேடி வந்து உடன் உயிர்விட்ட சங்கப் புலவர் பிசிராந்தையாரைச் சாட்சிக்கு அழைக்கலாம். ஆனால் சோழனின் நெருங்கிய நண்பரான பொத்தியாரே அந்த வருகையை வியந்து பாடியிருக்கிறார். எல்லோருக்கும் வாய்ப்பதென்றால் அவர் ஏன் வியக்க வேண்டும்? அரிய ஒன்றை அளவுகோலாக்கினால் நம் நட்புகள் எல்லாமே தோற்றுப்போகும்.

நேரத்தின்மேல் பழி போடுவது சோம்பலுக்குச் சாக்கு ஆகாதா என்பது இன்னும் கடுமையான கேள்வி. ஆகலாம், அதனால்தான் எல்லை வேண்டும். வாராந்தரப் போன் நின்றுபோவது வேறு, சாவு வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகாமல் இருப்பது வேறு. பின்னதற்குச் சூழ்நிலையைக் காரணம் காட்ட முடியாது. அதேபோல, கட்டாயம் வேண்டும் என்று தோன்றும் இரண்டு மூன்று பேருக்கு, முன்பு விடுதி தந்த நேரத்தை இப்போது நாமே ஒதுக்கியாக வேண்டும். மற்றவர்கள் விலகியதால் அன்றைய நெருக்கம் பொய்யாகிவிடாது. யார்மேலும் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டால் இன்னொரு லாபமும் உண்டு: பத்து வருஷம் கழித்துப் பேசும்போது விளக்கம் சொல்லித் தொடங்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கே வந்துவிடலாம்.