கொல்லும் ஒளியும் கொல்லா நெறியும்

கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் எங்கும் நிறைந்துள்ளன என்பது சமணர்க்குப் புதிய செய்தியன்று. நுண்ணோக்கி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நிகோத உயிர்களைப் பற்றி நம் ஆகமங்கள் விரித்துரைத்துள்ளன. ஆகவே, கட்டடங்களைக் குளிரூட்டும் இயந்திரங்களினுள் நுண்ணுயிர்களை மாய்க்கப் புற ஊதா விளக்கைப் பொருத்தலாமா என்னும் வினா, பிறர்க்குப் பொறியியல் வினாவாயினும், நமக்கு அறவினாவாகவும் அமைகின்றது.

முதற்கண் செய்தியைத் தெளிவுற அறிவோம். காற்றைக் குளிர்விக்கும் உலோகச் சுருளின்மேல் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படிகின்றது. அந்நீர் கீழுள்ள தட்டில் வழிந்து, சிலபோது தேங்குகின்றது. இருளும் ஈரமும் தூசியும் ஓரிடத்தில் கூடின், பூசணமும் பாக்டீரியாவும் பெருகுதல் இயல்பே. அவற்றின் துகள்கள் காற்றோடு கலந்து அறைதோறும் செல்கின்றன. இதனைத் தடுக்கவே சுருளை நோக்கிப் பாதரச ஆவி விளக்கு பொருத்தப்படுகின்றது. அதனின்று வெளிப்படும், ஏறத்தாழ 254 நானோமீட்டர் அலைநீளமுடைய கதிர், நுண்ணுயிரின் மரபுப்பொருளைச் சிதைத்து, அது பெருக இயலாதவாறு செய்கின்றது.

இதன் பயன் வெறுங்கூற்றன்று. கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் மூன்று அலுவலகக் கட்டடங்களில் 771 ஊழியரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2003ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. விளக்கு எரிகின்றதா இல்லையா என்பது ஊழியர்க்குத் தெரிவிக்கப்படவில்லை. விளக்கு எரிந்த காலங்களில், ஒளிபட்ட பரப்புகளில் நுண்ணுயிர்கள் 99 விழுக்காடு குறைந்தன. ஊழியரின் உடல்நலக் குறைகளும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

நாம் மறக்கலாகாத மற்றொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1950களின் பிற்பகுதியில், காசநோயாளர் பிரிவினின்று வெளியேறிய காற்றைக் கினிப் பன்றிகள் அடைபட்ட அறைகளுக்குச் செலுத்தினர். புற ஊதா ஒளியினூடே வந்த காற்றைச் சுவாசித்தவை நோயின்றி இருந்தன. ஒளிபடாத காற்றைச் சுவாசித்தவற்றுள் பல காசநோய்க்கு இரையாயின. ஓரறிவுயிரை மாய்க்கும் விளக்கின் வரலாற்றில் வாயற்ற ஐயறிவுயிர்களின் துன்பமும் கலந்துள்ளது.

எனில், இவ்விளக்கை ஏற்பதா, விலக்குவதா? இம்சையை நால்வகையாகப் பகுத்தனர் நம் ஆசாரியர்கள். வேண்டுமென்றே செய்யும் சங்கற்ப இம்சையை இல்லறத்தார் முற்றிலும் நீக்கல் வேண்டும். இல்லவினையாலும், பிழைப்புத் தொழிலாலும், தற்காப்பாலும் நேரும் ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றியோர் படுத்திருக்கும் மருத்துவமனை அறைக்குச் செல்லும் காற்றைத் தூய்மை செய்வது தற்காப்பின்பாற்படும் என்பதே நம் கருத்து. அங்கு விளக்கை மறுப்பது அகிம்சையாகாது; துயருறுவோர்பால் இரக்கமின்மையாகும்.

இன்பநுகர்ச்சிக்காக மட்டுமே குளிரூட்டிய மாளிகைகளின் நிலை யாது? "விளக்கு ஓயாது எரிந்தால் நுண்ணுயிர்கள் பெருகவே இடமில்லை, பெருகவிட்டு மருந்தூற்றிக் கழுவும்போது மாள்வனவற்றினும் இங்கு மாள்வன குறைவு" என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. ஆயினும் எண்ணிக்கை ஒன்றே இம்சையை அளக்கும் கோலன்று. கருத்தின்மையால் உயிர்க்கு ஊறு விளைப்பதே இம்சை என்பது உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்த நெறி. அவ்வழி நோக்கின், இம்சை விளக்கை ஏற்றும்போது தொடங்குவதன்று. நீரைத் தேங்கவிட்டபோதே தொடங்கிவிடுகின்றது.

நம் முன்னோர் நீரை வடிகட்டிப் பருகியதோடு அமையாது, துணியில் தங்கிய சிற்றுயிர்களை மொண்ட நீர்நிலையிலேயே மீண்டும் விட்டனர். தானியங்களை வெயிலில் உலர்த்தினர். பாத்திரங்களை ஈரமின்றிக் கவிழ்த்தனர். 'கொல்லாதே' என்பதற்கு முன்படியாக, 'உன் சோம்பலால் உயிர்கள் தோன்றி மடியும் இடத்தை உண்டாக்காதே' என்பதை அவர்கள் நடைமுறையில் கற்பித்தனர். குளிரூட்டி வைத்திருக்கும் நம் இல்லங்களுக்கும் இந்நெறி பொருந்தும். அதன் வடிகட்டியை உரிய காலத்தில் தூய்மை செய்தல், நீர் வெளியேறும் குழாய் அடைபடாது காத்தல், சாளரக் காற்று போதுமாயின் இயந்திரத்தை நிறுத்தி வைத்தல் ஆகியவை சிறு செயல்களே. எனினும் விரதத்தைக் காக்கும் வேலிகள் அவை.

இவற்றிற்குப் பின்னும் விளக்கு இன்றியமையாததாயின் பொருத்துக. அதன் கதிர் கண்ணையும் தோலையும் ஊறுபடுத்தும். ஆதலின் எரியும்போது இயந்திரத்தைத் திறவாதிருத்தல் வேண்டும். எரிந்து தீர்ந்த விளக்கிலுள்ள பாதரசம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். ஆதலின் அதனைக் குப்பையில் எறிதல் தகாது. இவையும் அகிம்சையின் கூறுகளே.

'கிருமிகளை வென்றோம்' என்று களிக்கும் விளம்பர மொழி நமக்கு வேண்டா. அவற்றிற்கு நம்மீது பகையில்லை. வினைவயத்தால் அப்பிறவி எய்தி, கிடைத்த ஈரத்தில் வாழ முயன்றவை அவை. விளக்கைப் பொருத்துவோர் செருக்கின்றிப் பொருத்துவாராக. பிரதிக்கிரமணம் செய்யும் பொழுதில் அவ்வோரறிவுயிர்களையும் நினைந்து பொறுத்தருள வேண்டுவாராக. அந்நினைவு உள்ளவரை, நம் கை தேவைக்குமேல் ஒரு விசையையும் அழுத்தாது.