நீயா கேட்டு வாங்குன வலி

ஒட்டப்பிடாரத்தில் பஸ் மாறி பாஞ்சாலங்குறிச்சியில் இறங்கும்போது என் மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி இருக்கும். உள்ளே ஐஸ்பேக், நடுவில் ஊசி மருந்து. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்வதற்குள் உருகிவிடுமோ என்ற பயத்தில் பெட்டியை அணைத்தபடியே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பக்கத்து சீட் அக்கா, "என்னம்மா, கேக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் 1974இல் கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள். அவர்களோடு வரிசையாக இறங்கி, நான் மட்டும் வீட்டுக்கு ஓடி ஃப்ரிட்ஜைத் திறப்பேன். ஜக்கம்மா பேரைச் சொல்லி "நல்ல காலம் பொறக்குது" என்று குடுகுடுப்பைக்காரர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். ஜக்கம்மா எங்கள் ஊரிலேயேதான் இருக்கிறாள். என்னிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐவிஎஃப் பற்றிப் படித்தவர்களுக்கு முடிவு தெரியும்: பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். நடுவில் இருக்கும் உடம்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் தொப்புளைச் சுற்றி ஊசி. குத்திய இடமெல்லாம் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் உள்ளே கருவி விட்டு ஸ்கேன். மாதம் ஒரு முட்டை விடும் சினைப்பை ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்தை வளர்க்கும். வயிறு ஊதி, சுடிதார் நாடா கட்ட முடியாது, குனிந்து கோலம் போட முடியாது. முட்டை எடுத்த மறுநாள் பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். கரு வைத்த பிறகு இடுப்பில் எண்ணெய் மருந்து ஊசி, தினமும். உள்ளே கட்டி கட்டியாக நிற்கும். ஒருச்சாய்ந்துதான் உட்கார முடியும். எனக்கு இதெல்லாம் இரண்டு முறை நடந்து, இரண்டு முறையும் நெகட்டிவ்.

இரண்டாவது முறை முட்டை எடுத்த அன்று மயக்கம் தெளிந்ததும் அழுதேன். சிஸ்டர் சொன்னார்: "நீங்களா விரும்பி வந்ததுதானம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க." கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு அன்று இன்னும் ஆறு கட்டில் பாக்கி. ஆனாலும் அந்த வார்த்தை என்னோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது.

விரும்பி வாங்கிய வலிக்கு அழ உரிமை இல்லையா? நோயில் படுத்தவரைப் பார்க்க ஹார்லிக்ஸோடு வருகிறார்கள். பிரசவ வலிக்கு ஊரே மரியாதை தருகிறது. என் வலி இந்த இரண்டிலும் சேராது. நோயும் இல்லை, பிரசவமும் இல்லை. கேட்டு வாங்கியது.

"நீ எங்க விரும்பின, ஏழு வருஷமா விசேஷம் உண்டான்னு கேட்டே உன்னைத் தள்ளிவிட்டாங்க" என்பாள் என் தோழி. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் விட்டுத்தர மாட்டேன். பிள்ளை ஆசை என்னுடையது. ஊர் வாயை மூடினாலும் அந்த ஆசை போகாது. நான் நிர்ப்பந்திக்கப்பட்டவள் என்று சொன்னால்தான் என் அழுகையை நியாயமாக எடுத்துக்கொள்வார்கள் என்றால், அந்த நியாயம் எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறை என் உடம்பில் இல்லை. அவருக்கு விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. ஒரே ஒரு அணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் குழந்தைகள் பிறந்ததை 1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் அறிவித்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது வரம். ஆனால் கணக்கு விசித்திரமானது: குறை ஓர் உடம்பில், ஊசி இன்னோர் உடம்பில். புருஷனுக்குச் சிறுநீரகம் கொடுக்கும் மனைவியைத் தியாகி என்கிறோம். அவளும் விரும்பித்தான் கொடுக்கிறாள். அவளிடம் யாரும் "நீயா கேட்டதுதானே" என்பதில்லை.

ஊசியின் கதையே கொஞ்சம் வேடிக்கையானது. 1940களின் கடைசியில் இத்தாலியில் பியரோ டோனினி என்பவர், மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். பிறகு மருந்தாகச் செய்ய ஏராளமான சிறுநீர் தேவைப்பட்டது. அதைக் கன்னியர் மடங்களின் முதிய சகோதரிகளிடமிருந்து சேகரித்தார்கள். அந்த மருந்தால் முதல் குழந்தை 1962இல் இஸ்ரேலில் பிறந்தது. பிள்ளையே வேண்டாம் என்று போனவர்களின் உடம்பிலிருந்து பிள்ளைக்கு ஏங்குகிறவர்களுக்கு! என் பெட்டியில் இருந்த மருந்துகளில் ஒன்று இன்றும் சிறுநீரிலிருந்து எடுப்பதுதான்.

1978 ஜூலையில் பிறந்த லூயிஸ் பிரவுனுக்காக அவள் அம்மா இந்த ஊசி போட்டுக்கொள்ளவில்லை. இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டை அது. அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள். டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்து, கருவை உறைய வைத்து, பிறகு வைத்தார். இன்று உலகம் செய்வதும் கிட்டத்தட்ட அதுவே. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். ஊசி யார் உடம்பில் இறங்கியது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சிகிச்சைக்கு எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். நாங்கள் இருவரும் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டோம். போடும்போது வலி தெரியாது. மூன்றாம் நாளும் எட்டாம் நாளும் என் உடம்பு எப்படி இருக்கும் என்று அந்தப் பேனாவுக்கு எப்படித் தெரியும்?

1961வரை தூத்துக்குடியில் முத்துக்குளித்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குகிறவரின் கயிற்றைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். அது மச்சானாகத்தான் இருக்க வேண்டும், தங்கச்சி தாலியை நினைத்து அவன்தான் கயிறை விடமாட்டான் என்று எங்கள் கடற்கரையில் சொல்வார்கள். குளிப்பவரும் விரும்பித்தான் இறங்குகிறார். ஆனால் அடியில் இருந்து கயிறு ஆடினால், "நீயா இறங்குனதுதானே, இன்னும் ரெண்டு சிப்பி எடுத்துட்டு வா" என்று மேலே இருப்பவர் சொல்வதில்லை. இழுக்கிறார்.

அவர் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை. ஊசி போடக் கற்றுக்கொண்டவர், ஆனால் கை நடுங்கும். மூன்றாவது முறைக்குத் தேதி வாங்கி வந்த இரவு, "எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன். பிள்ளை பிறந்தால் எல்லாம் மறந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. "எப்ப வேணும்னாலும் சொல்லு, நிப்பாட்டிரலாம். பாதியில சொன்னாலும் சரிதான்" என்றார். கட்டிய பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போகிறேன் என்று நான்தான் சொன்னேன்.

இப்போது கரு வைத்து ஆறு நாள். அசையாமல் படுப்பதால் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அத்தை இன்னும் நம்பவில்லை. ராத்திரி கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, இடுப்பில் கட்டி நிற்கிற இடத்தில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"வலிக்காம்மா?"

"இல்லத்தே."

"வலிச்சா வாய்விட்டுச் சொல்லு தாயி, ஏன் முழுங்குத" என்றார். முடிச்சை அடுத்த பக்கத்துக்கு மாற்றினார். நன்றாகச் சுட்டது. கத்தினேன்.