அளப்பவனுக்கு ஆதாயம்

குதிரைப் பந்தயம் என்றதும் நம்மவர்க்குச் சூதாட்டமே நினைவுக்கு வருகிறது. ஆயின், மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களே குதிரைகளை ஓடவிட்டார்கள். மெலிவித்துப் பழக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை நெடுந்தொலைவு. பழக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. பின்னால் ஆள் வைத்து அதட்டி விரட்டுவதும், களைத்ததும் தாவி ஏற வேறொரு குதிரையைப் பக்கத்தில் கொண்டுவருவதும் விலக்கப்பட்டன. ஜலப், ஜனப் என்று பிக்ஹு நூல்கள் இவற்றைக் கூறும்.

விதியிருந்தால் அதைக் காக்க ஆளும் வேண்டும். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துச் செய்த சென்னை கிண்டித் திடல் போன்ற இடங்களில் அப்பணி ஸ்டூவர்டுகளுடையது. ஜாக்கி ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் சேணத்தோடு நிறுக்கப்படுகிறான். எடை குறைந்தால் முதலில் வந்த குதிரையும் தள்ளப்படும். ஊக்க மருந்து ஊட்டப்பட்டதா எனக் குதிரையின் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்கின்றனர். வேண்டுமென்றே கடிவாளத்தை இழுத்துப் பிடித்தவனை விசாரணைக்கு அழைக்கின்றனர். தன் குதிரை ஓடிய பந்தயத்தின் விசாரணையில் ஸ்டூவர்டு அமரலாகாது.

இத்தனை கண்டிப்பும் பெரும்பாலும் பணம் கட்டியவனின் நம்பிக்கைக்காகவே. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, வெறும் வாய்ப்பன்று என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பிக்ஹு கேட்பதோ வேறு: பணம் வைத்தவர் யார்? ஆட்சியாளரோ மூன்றாமவரோ வைத்த பரிசு கூடும். வேலிக்கு வெளியே நின்று பணம் கட்டுவோனுக்கு எவ்வழியுமில்லை. தராசு நேராயிருப்பதனால் நிறுக்கப்படும் பொருள் ஹலாலாகிவிடாது.

எனினும், ஸ்டூவர்டு விலகி நிற்கும் அவ்விதி நம்மை நாணச் செய்கிறது. 1690இல் ஆங்கிலக் கும்பெனியார் தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் சேரும் என்பது ஒப்பந்தம். சுட்டவர்கள் வாங்கியவர்களே! அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. அளப்பவனுக்கு அளவில் ஆதாயமிருந்தால் நிலம் நீளத்தானே செய்யும்? தன் பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ சாதகமாகக் காஜி அளிக்கும் தீர்ப்புச் செல்லாதென நம் இமாம்கள் எழுதிவைத்ததும் இதனாலேயே.

நம் மஹல்லாக்களில் என்ன நடக்கிறது? பள்ளிவாசல் கடைக்கு வாடகை நிர்ணயிக்கும் கூட்டத்தில், அக்கடையை எடுத்தவரின் தந்தையே அமர்ந்திருப்பார். சற்று வெளியே இருங்கள் என்று சொல்ல எவருக்கும் நா எழுவதில்லை. வக்ஃபுப் பணம் ஆண்டுதோறும் குறைகிறது. நாம் ஹராம் என்று ஒதுக்கிய திடலில் கடைப்பிடிக்கும் ஒழுங்கு, தொழுகை நடக்கும் இடத்தில் இல்லையே! அடுத்த கூட்டத்திலேனும், வாடகைப் பேச்சை எடுக்குமுன் உறவினர் யாவரெனத் தலைவர் கேட்கட்டும். அவர்கள், பேச்சு முடியும்வரை ஹவ்ளருகே அமர்ந்திருக்கட்டும்.