எழுதிவைத்த வேண்டுதல்

பிறர் எழுதிவைத்த சொற்களால் ஒருவன் உண்மையாக வேண்டிக்கொள்ள இயலுமா? யூதர்களின் வழிபாட்டு நூல் இவ்வினாவை எழுப்புகிறது. அந்நூலின் பெயர் 'சிடூர்'. ஒழுங்கு என்பது அதன் பொருள். காலை, பிற்பகல், மாலை என நாள்தோறும் மூவேளையும் ஓதவேண்டியவற்றை அது முறைப்படுத்தித் தருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், ஸ்பெயின் நாட்டு யூதர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பாபிலோனியாவின் சூரா கல்விக்கழகத் தலைவர் அம்ராம் இவ்வொழுங்கை எழுதி அனுப்பினார்.

ஒழுங்கு வெறும் பழக்கமாகிவிடுமே என்னும் அச்சம் அதனினும் பழையது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பிலேயே, வேண்டுதலை வழக்கமான கடமையாக்கிக்கொள்பவன் மெய்யாக இரந்து வேண்டுபவன் அல்லன் என்று எலியேசர் என்னும் அறிஞர் எச்சரிக்கிறார். சொல்லோடு மனம் ஒன்றுவதைக் 'கவானா' என்பர்; அதுவின்றி ஓதுதல் உயிரற்றது.

ஆயின், நூல் எதற்கு? தன் போக்கில் வேண்டத் தொடங்கும் மனிதன் தன் குறையையே முதலில் நினைப்பான். சிடூரை ஏந்தும்போதோ, நோயற்றவனும் நோய் நீங்க வேண்டுகிறான். 'எனக்கு' என்பது 'எங்களுக்கு' என விரிகிறது. தனக்கு வாராத துன்பத்திற்காகவும் இறைஞ்சக் கற்பிப்பதே அந்நூலின் பணி. சொல்லை நூல் தரலாம்; உள்ளத்தை மனிதனே தருதல் வேண்டும்.