அளக்கும் கைக்கும் ஓய்வு வேண்டும்



நாம் தராசை நம்பிப் பிழைக்கும் கூட்டத்தார். அளவில் குறை வைப்போரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் தனியே ஒரு சூரா இறங்கியிருப்பதைச் சிறு பிராயத்தில் மத்ரஸாவில் ஓதியவர்கள். ஆகவே தராசுக்கு முத்திரை போடத் தவறுவதில்லை; தட்டில் தூசு படிந்தாலும் துடைத்துவிட்டே நிறுக்கிறோம். மறுமையில் நமக்கும் ஒரு தராசு காத்திருக்கிறது என்னும் அச்சம் நம் உள்ளத்தில் உண்டு.

ஆனால், தராசு சரியாக இருந்தும் அளவு தவறுவதுண்டு. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணும்போது கணக்கு உதைக்கிறது. ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிச் சில்லறை இன்னொருவருக்குப் போயிருக்கிறது. அரைக் கிலோ பருப்புக்கு ஒரு கிலோவின் விலையை வாங்கியிருக்கிறோம். குற்றம் தராசில் இல்லை. பதினாறு மணி நேரம் நின்ற உடம்பில் இருக்கிறது. கடையிலே இந்தப் பிழையின் விலை ஐந்து வெள்ளியோ பத்து வெள்ளியோதான். மறுநாள் தேடிப்போய்க் கொடுத்துவிடலாம்.

மருந்தும் ஓர் அளவைதான், சகோதரர்களே. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்தை ஏற்றுகின்ற தாதியும் நம்மைப் போல் அளந்து கொடுக்கிறவரே. அங்கே பிழை நேர்ந்தால் மறுநாள் போய்த் திருப்பிக் கொடுக்க முடியுமா? இதைப் பற்றியே இம்முறை சில வார்த்தை பேச விரும்புகிறோம்.

நம் கடையில் பல வருஷங்களாக ஊழியம் செய்யும் பெரியவர் ஒருவர் உண்டு. அவரை நாம் நானா என்றே அழைப்போம். சர்க்கரை நோய் உள்ளவர். ஒரு நாள் காலை, காலில் புண் இருப்பதாகவும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். அன்று கீழேயிருந்து லாரி வரும் நாள். "சரக்கு இறங்கட்டும் நானா, சாயங்காலம் போகலாம்" என்றோம். சாயங்காலம் கடையில் கூட்டம். கடை அடைத்த பின் பார்த்தால் அவருக்குக் காய்ச்சல், நடை தள்ளாடுகிறது. அவர் மகன் கீழே இருப்பதால் அங்கேயே போக வேண்டும் என்றார். மூடுபனியில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு மலை இறங்கி, ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அங்கே நாற்காலியெல்லாம் நிறைந்து, ஜனங்கள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். நெடுநேரம் கழித்து ஒரு டாக்டர் பார்த்து, இன்சுலின் போடும்படி எழுதிவிட்டுப் போனார். மிஸ்ஸி சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது, "இன்னும் எவ்வளவு நேரம் அம்மா காக்க வைப்பீர்கள்? மனுஷனை மனுஷனாகப் பார்க்க மாட்டீர்களா?" என்று உரக்கக் கேட்டோம். அவர் நிமிர்ந்து, "கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்று சொல்லி, மறுபடி குனிந்து ஏற்றினார். ஊசி போடுமுன் வேறொரு தாதி வந்து, எழுதியிருந்த அளவையும் சிரிஞ்சில் இருந்த அளவையும் ஒத்துப் பார்த்தார். "இது கூடுதல்" என்றார். முதல் தாதியின் முகம் வெளுத்துப்போயிற்று. இன்சுலின் மிகுந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, மயக்கமும் வலிப்பும் வந்து, உயிருக்கே ஆபத்தாகும்.

பிறகு மெல்ல விசாரித்தோம். உடன் வேலை செய்பவர் நோயுற்று வராததால், அந்தத் தாதி அடுத்தடுத்து இருவர் வேலையைப் பார்த்திருக்கிறார். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். அல்லாஹ் காப்பாற்றினான், நானா சுகமாக இருக்கிறார். ஆனால் மலையேறித் திரும்பும் வழியெல்லாம் நம் உள்ளம் நம்மைக் கேட்டது: காலையில் அனுப்ப வேண்டிய நோயாளியை நடுராத்திரியில் கொண்டுபோனது யார்? அளக்கிற கையை ஆட்டிவிட்டது யார்?

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அல்லாஹ்வே தன் அடியார்மீது அவர்கள் தாங்க மாட்டாத சுமையை வைப்பதில்லை என்று திருமறை போதிக்கிறது. ஊழியரைச் சகோதரராக எண்ண வேண்டும், சக்திக்கு மீறி வேலை வாங்கலாகாது, அப்படி வாங்க நேர்ந்தால் நாமும் கூட நின்று கைகொடுக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். உறக்கம் மேலிட்டவர் தொழுகையைக்கூட நிறுத்திவிட்டு உறங்கி எழட்டும் என்றார்கள். தூக்கக் கலக்கத்தில் பாவமன்னிப்புக் கேட்க நினைத்து, தன்னையே சபித்துக்கொள்ளவும் கூடும் என்பது அதற்குக் காரணம். தூக்கத்தில் நாவு தவறினால் துஆவே திரும்பிவிடுமானால், தூக்கத்தில் கை தவறினால் மருந்து என்னவாகும்?

கோபமாக இருக்கும்போது காழி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் நபிமொழியே. பசி, தாகம், கடுந்தூக்கம் ஆகியவற்றையும் மார்க்க அறிஞர்கள் கோபத்தோடு சேர்த்தே வைத்தார்கள். ஏனெனில், இவை எல்லாம் அறிவை மறைக்கின்றன. சொத்து வழக்கில் தீர்ப்புச் சொல்கிறவருக்கு இந்த விதியென்றால், உயிர் வழக்கில் முடிவு சொல்கிற மருத்துவருக்கு எத்தனை மடங்கு வேண்டும்!

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். அகழ் யுத்தத்தில் காயம்பட்ட ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பள்ளிவாசலில் அமைந்த கூடாரத்தில் வைத்துக் கவனித்தவர் ருஃபைதா (ரலி) அம்மையார். நோயாளியைப் பார்க்கும் பெண்மணிக்கு மதீனா நகரில் கிடைத்த இடம் பள்ளிவாசல்; மூலை முடுக்கு அன்று. நம் காலத்தில் என்ன கண்டோம்? 2024 ஆகஸ்டு 9-ஆம் தேதி, கல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், நீண்ட பணிக்கு நடுவே சற்றுக் கண்ணயர இடம் தேடிக் கருத்தரங்கக் கூடத்தில் படுத்த இளம் பெண் டாக்டர், கற்பழிக்கப்பட்டுக் கொலையுண்டார். அதன் பின்னரே இந்தியாவின் உச்ச நீதிமன்றம், மருத்துவ ஊழியரின் பாதுகாப்பையும் பணி நிலைமையையும் ஆராய ஒரு தேசியக் குழுவை நியமித்தது. உயிர் போன பிறகு குழு போடுவது உலக வழக்கமாகிவிட்டது.

1984-இல் நியூயார்க் நகரில் ஒரு மருத்துவமனையில் 18 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். அவளைக் கவனித்த பயிற்சி டாக்டர்கள் நீண்ட நேரமாகப் பணியில் இருந்தவர்கள். அதையொட்டி எழுந்த விசாரணையின் பயனாக, பயிற்சி டாக்டர்கள் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்று அம்மாநிலம் 1989-இல் விதி வகுத்தது. பாஸ்டன் நகரில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கும் பழைய முறையில் இருந்த பயிற்சி டாக்டர்கள், வேலை நேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்ததைவிட 36 சதவிகிதம் அதிகமாகக் கடும் பிழைகள் செய்தது தெரிந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் 7 சதவிகிதம் ஏறுகிறது. ஆட்குறைவு வெறும் நிர்வாகக் கணக்கு அன்று. அது கபர்ஸ்தான் வரை செல்லும் கணக்கு.

நம்மவர் நெஞ்சில் தைக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது ஏறியவரின் நிதானத்துக்கு ஒப்பாகிவிடுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் சோதித்துக் காட்டினர். 24 மணி நேரமானால் அது ஏறக்குறைய இருமடங்காகிறது. மலேசியாவில் 2020-இல் திருத்திய சட்டப்படி, வாகனம் ஓட்டுபவருக்கு எல்லையே அந்த 0.05-தான். நாம் மதுவைக் கையால் தொட மாட்டோம். குடித்தவன் ஓட்டும் பஸ்ஸில் மலையிறங்கச் சம்மதிக்க மாட்டோம். ஆனால், உறக்கமின்மை என்னும் போதையை வலிந்து ஊட்டப்பட்ட ஒருவரின் கையில் நம் தாயை ஒப்படைக்கிறோம். அவர் விரும்பிக் குடித்த போதையும் அன்று அது. ஆள் போதாமல் நாம் ஊட்டியது.

நம் நாட்டிலும் இந்த விஷயம் பேசப்பட்டே வருகிறது. 2016 இறுதி முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டனர். நிரந்தர வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல், கோவிட் நோயின் உச்சத்திலும் அவர்களே உழைத்தார்கள். பொறுக்க முடியாமல் 2021 ஜூலை 26-ஆம் தேதி பல மருத்துவமனைகளில் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். 2022-இல் பயிற்சி டாக்டர்கள்மீது நடக்கும் கொடுமைகளை விசாரிக்கச் சுகாதார அமைச்சு ஒரு குழு அமைத்தது. 2024 டிசம்பர் முதல் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் ஏற்பாடு வந்தபோது, தாதியர் ஆட்சேபித்தனர், அது ஒத்திவைக்கப்பட்டது. உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2020-இல், நோயாளிப் பாதுகாப்பு நாளான செப்டம்பர் 17 அன்று, ஊழியரின் பாதுகாப்பே நோயாளியின் பாதுகாப்புக்கு முதற்படி என்பதை உலகுக்கு எடுத்துரைத்தது.

இந்த மலைக்கு இது புதுச் செய்தி அன்று. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு, தமிழ்ப் பாட்டாளிகள் இங்கே குளிரிலும் மழையிலும் கொழுந்து பறித்தார்கள். தோட்டப்புறங்களில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் ஜனங்கள் முதலில் ஓடியது தோட்டத்து டிரஸ்ஸரிடம். அவருக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965-இல் வந்தது. தேர்ச்சி இல்லாமல் வைத்தியம் செய்பவர் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவார் என்று நபிமொழி இருப்பதால், அறிவுக்குச் சான்று கேட்பது நியாயமே. ஆனால் அறிவு பாதி. அந்த அறிவு விழித்திருப்பது மறு பாதி. தூங்கி விழுகிறவரின் சான்றிதழ் சுவரில் விழித்திருந்து என்ன பயன்?

"சம்பளம் வாங்குகிறார்கள் அல்லவா? தவறு செய்தால் தண்டிக்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம். அலட்சியத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பொறுப்பு பொறுப்புத்தான், அது அமானிதம். ஆனால் கடைப் பையனைப் பதினாறு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு, கணக்கு உதைத்ததற்கு அவன் கூலியில் பிடிக்கும் முதலாளியை அல்லாஹ் கேட்க மாட்டானா? தண்டித்தால் இந்தப் பிழைக்கு ஆள் கிடைப்பார். அடுத்த பிழை நிற்காது. பயந்தவர் பிழையை மறைப்பார். அன்றிரவு அந்த இரண்டாவது தாதி "இது கூடுதல்" என்று வாய்திறந்து சொல்ல முடிந்ததால் அல்லவா நானா பிழைத்தார்!

ஆகவே, நாம் செய்யக் கூடியவற்றை இன்றே செய்வோம்.

நம் கடை ஊழியருக்கு நோய் என்றால் பகலிலேயே அனுப்புவோம். அன்றையக் கூலியைப் பிடிக்க வேண்டாம். தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் உழைக்கும் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் பலர், கூலி போகுமென்றும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதலென்றும் அஞ்சி, நோயை முற்றவிட்டு இரவில் ஓடுகிறார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருப்போரில் நம்மவரும் உண்டு. அவர்களுக்குரிய மருத்துவச் செலவில் கை சுருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருவரே பேசுவோம். சாப்பிடும் மருந்துகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவோம். மருந்து அளப்பவரை அளந்து முடிக்கும்வரை கூப்பிடாதிருப்போம். நாம் நிறுக்கும்போது யாராவது தராசைத் தட்டினால் பொறுப்போமா?

நமது சங்கத்தார் நன்கொடை வழங்கும்போது, படம் பிடித்துக்கொள்ள உதவும் பழக்கூடைகளோடு நில்லாமல், இரவு வேலை பார்ப்போர் உட்கார நல்ல நாற்காலி, வெந்நீர்ச் சாதனம், ஓய்வறைக்கு ஒரு கட்டில் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டு உதவலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையைப் பற்றிக் கேட்பது போல், மருத்துவமனையில் ஆள் போதுமா என்றும் கேட்போம்.

அன்றைக்குப் பின் நானாவைப் பார்க்க மறுபடி அங்கே போனபோது, ஒரு குடுவை நிறையத் தேயிலையும் கொஞ்சம் பலகாரமும் கொண்டுபோனோம். அந்தத் தாதியிடம், "அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு மன்னிக்க வேண்டும் தங்கச்சி" என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் பெண்மக்களும் இன்று தாதிமாராகவும் டாக்டர்களாகவும் இப்படித்தான் எங்கோ ஓர் ஊரில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கட்டும் என்று ஆசைப்பட்டால், நாம் முதலில் கொடுப்போம்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குச் சுகத்தையும், அவர்களைக் கவனிப்போருக்கு ஓய்வையும், அளக்கும் கைகளுக்கு நிதானத்தையும், அந்தக் கைகளை ஆட்டிவிடாத பொறுமையை எங்களுக்கும் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.